அடுப்புச்சாமிக்குத் தேன்

“தங்க முலாம் பூசின புத்தர் சிலையெல்லாம் உருக்கணும். பேரரசர் ஆணை. ஒளிச்சு வச்சிருந்தா தலை போயிடும்மா!” அதிகாரி குவோ வீட்டையே புரட்டிப்போட்டார்.

“நல்லாத் தேடுங்க ஐயா” என்றாள் ஷூநியாங்.

அடுப்படியில் கரி படிந்த சிலையைக் கண்டதும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். “அடுப்புச்சாமியா? வருசக் கடைசியில மேலோகம் போய் எல்லாத்தையும் சொல்லிடுவாரே!”

“நீங்க என் அரிசிப்பானையை உடைச்சதையும் சொல்லுவார்.”

குவோ பதறிப்போய்த் தேன்சாடியை எடுத்து, சாமியின் வாய் ஒட்டிக்கொள்ளும்படி தாராளமாகப் பூசிவிட்டு நடையைக் கட்டினார்.

ஷூநியாங் ஈரத்துணியால் தேனைத் துடைத்தாள். கரியும் சேர்ந்து வந்தது. உள்ளே பொன்னுதடு சிரித்தது.

“இன்னும் கொஞ்ச நாள் அடுப்புச்சாமியாவே இருங்க, புத்தரே” என்று மறுபடி கரியை அப்பினாள். “பேரரசரும் ஒருநாள் சாகத்தானே போறார்!”