பெட்டிக்குள் ஒரு பழம்

“புருஷனைப் புதைக்கிறாளா, கிழங்கு நடுறாளா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே!”

கைப்பேசிகளுக்கு மின்னேற்றித் தரும் தன் சிறு கடையில் அமர்ந்தவாறே பெரிஸ் உரக்கக் கூறினாள். சாலைக்கு அப்பால், மக்காச்சோள வயலின் நடுவே, ஒரு சவப்பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அருகில் அவினோ மரம்போல் நின்றாள்.

பெட்டிக்குள் பிணம் இல்லை. யாகோ மரத்தின் நீண்ட பழம் ஒன்றே இருந்தது. உடல் கிடைக்காதவனுக்கு லுவோ மக்கள் செய்யும் அடக்கம் அது. அவள் கணவன் சாத்ராக், மொம்பாசா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய் ஏழாண்டுகள் ஆகியும் ஊருக்கு ஒரு தகவலும் இல்லை.

தார்ச்சாலை வந்தபின் கொடியாங் ஊர் நாளுக்கு நாள் வீங்கியது. சோளம் விளைந்த இடங்களில் வங்கியும் விடுதிகளும் முளைத்தன. மிஞ்சியிருந்தது, அவினோ பயிரிட்டுப் பிள்ளைகளை வளர்த்துவந்த அந்த ஒரு வயல்தான்.

சாத்ராக்கின் அண்ணன் ஓபுரா மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தான்.

“கெடுத்துட்டா பெரிஸ், கெடுத்துட்டா! பெட்ரோல் பங்க் வைக்க வந்தவன் காரைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். கல்லறை இருக்கிற நிலம் வேண்டவே வேண்டாமாம்.”

“பட்டா உங்க பேர்லதானே, அண்ணே?”

“என் பேர்லதான். சாத்ராக்கே வந்து நின்னு கத்தியிருந்தாலும் வித்திருப்பேன். அவன் குழியைத்தான் விக்க முடியல! மூணு பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய் விடுதியில பாத்திரம் கழுவிப் பிழைடீன்னேன். கேட்டாளா?”

“அவளுக்கு அடுத்த கல்யாணத்துக்கு அவசரம், அண்ணே. நாளைக்கே அந்த மனுஷன் உயிரோட வந்துட்டா? புதைச்சாச்சுன்னா அப்புறம் அவன் வாசலை மிதிக்க ஆகுமா நம்ம ஜனத்துல? ஒரு வாய்த் தண்ணிகூடக் கொடுக்க மாட்டோமே!”

“வந்தா, பேய்னு கல்லால அடிப்போம்.”

அவ்வேளையில், காலையில் அவினோ மின்னேற்றக் கொடுத்திருந்த பழைய கைப்பேசி அலறியது. யாரேனும் துக்கம் விசாரிப்பார்கள் என்றெண்ணிப் பெரிஸ் அதைக் காதில் வைத்தாள்.

இருமலுக்கிடையே ஓர் ஆண்குரல் மெல்லக் கேட்டது.

“அவினோ, நான்தான். என்னைப் புதைச்சாச்சா?”

பெரிஸ் ஓபுராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“அழுதுடலையே? அழ ஆரம்பிச்சா உண்மையைக் கொட்டிடுவேன்னு பயந்தியே... வயல் தப்பிச்சிடுச்சுல்ல? பிள்ளைங்களுக்கு அது போதும். நான் இங்கேயே கிடந்துக்கிறேன். இனிமே கூப்பிட மாட்டேன். செத்தவன் கூப்பிடக் கூடாது.”

வயலில் அவினோ மண்வெட்டியை வாங்கித் தானே குழியை மூடிக்கொண்டிருந்தாள்.

“அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதுங்க,” என்றாள் பெரிஸ். மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

“யாரது?” என்றான் ஓபுரா.

பெரிஸ் தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தூரத்துச் சொந்தம், அண்ணே. அடக்கத்துக்கு வர முடியலையாம்.”