களைப்புப் பட்டை

நோயாளியைக் கவனிப்பவர் கையில் களைப்புப் பட்டை கட்டாயம். அது சிவந்தால் கண்காணிப்பு நிலையத்தார் நோயாளியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். களைப்பைப் போக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

புற்றுநோய் முற்றிய ராஜாங்கத்துக்கோ வீட்டிலேயே கண்மூட ஆசை. கோமளா தன் பட்டையைக் கழற்றி, வலிமருந்தில் பாதி நேரம் தூங்கும் கணவர் கையில் கட்டினாள். அது பச்சையாகவே இருந்தது.

"கடைசி காலத்துல எனக்கு வளையல் போட்டு அழகு பாக்கிறியா?" என்று சிரித்தார்.

இன்று அடுப்படியில் அவருக்குக் கஞ்சி வடிகட்டும்போது கண்காணிப்பு நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"உங்க களைப்பு சுத்தமா இறங்கிடுச்சும்மா. இவ்வளவு அமைதியா நான் யாரையும் பாத்ததில்ல. நல்லா தூங்கினீங்களா?"

கோமளா அடுப்பை அணைத்தாள். அவர் படுத்திருந்த அறைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.