பூதம் அழுத வாரம்

பூதம் அழவில்லை.

திரையில் அது ஒரே வெட்டில் செத்து விழுந்தது. கதாநாயகன் வாளைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு டூயட் பாடப் போய்விட்டான்.

டவுன்ஷிப் தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில், கருணாகரன் எழுந்து நின்றார். மைன்ஸில் கரி வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை.

“டேய், கதையைப் படிச்சுட்டுப் படம் எடுங்கடா!”

பின்வரிசை அவரை உட்காரச் சொன்னது. மரியாதையாகச் சொல்லவில்லை.

அவருக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்? ‘ஏழு மதில் கோட்டை’ தொடர்கதையாக வந்த நூற்றுப் பன்னிரண்டு வாரமும் பக்கம் பக்கமாகக் கத்தரித்து, மூன்று தொகுதியாகப் பைண்டு செய்து வைத்திருப்பவர் அவர். அந்த வீட்டில் கல்யாணப் பட்டுக்குக்கூடப் பூச்சி உருண்டை கிடையாது, தொகுதிகளுக்கு உண்டு. பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் தொடலாம். மகள் கனகம் ‘அ’ எழுதப் பழகும் முன்பே ஏழு மதில்களின் பெயரையும் வரிசையாக ஒப்பித்தாள். இளையவனுக்குப் பூதத்தின் பெயரையே வைப்பதாக இருந்தார். மாமனார் குறுக்கே விழுந்து, குழந்தைவேல் என்று வைத்துக் காப்பாற்றினார்.

மனைவி சந்திராவுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. அதெல்லாம் அவள் மூளைக்கு எட்டாது என்று ஆரம்பத்திலேயே தீர்ப்பாகிவிட்டது.

பூதம் அழும் இடத்துக்குத்தான் வீட்டில் ஏகக் கிராக்கி. ஏழாம் மதிலைக் காவல் காக்கும் பூதம் அது. முந்நூறு வருஷமாக வருகிறவன் எல்லாம் வாளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இளவரசி மட்டும் வெறுங்கையோடு வருகிறாள். அண்ணாந்து பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்கிறாள். பூதம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுகிறது. கோட்டைக் கதவு தானாகத் திறக்கிறது.

இந்த இடம் வந்தால் கருணாகரனுக்குக் குரல் கம்மிவிடும். எழுதினவன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும் என்பார். ஷிப்ட் பஸ்ஸில் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு குறை. அந்த அத்தியாயம் மட்டும் தொகுதியில் இல்லை.

அந்தச் சமயம் சித்தப்பா சாவுக்குக் கரூர் போனவர், காரியம் முடித்துப் பதினாறு நாள் கழித்துத்தான் திரும்பினார். வந்தால் ஒரு வாரத்துப் புத்தகத்தைக் காணோம். பக்கத்து குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் இரவல் வாங்கித் தொலைத்துவிட்டாள் என்றாள் சந்திரா. கடையிலும் தீர்ந்துபோயிருந்தது. நல்லவேளையாகத் தான் படித்துவிட்டதாகச் சொல்லி, அவளே கதையை ஒப்பித்தாள். அடுத்த வாரத்து இதழில் கோட்டைக் கதவு திறந்துதான் கிடந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. மூளை இல்லாவிட்டாலும் ஞாபகசக்தியாவது இருக்கிறதே என்று பெண்டாட்டியைப் பெருந்தன்மையோடு மெச்சிக்கொண்டார்.

கஸ்தூரியம்மாள் வீட்டோடு அவர் பேச்சை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. சந்திராதான் சூடு சுரணை இல்லாமல், வாரம் தவறாமல் அவர்களுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

படம் விட்டது. சைக்கிள் ஸ்டாண்டில் குழந்தைவேல் தேம்பித் தேம்பி அழுதான். பூதத்தைக் கொன்றுவிட்டார்களாம்.

கனகம் அழவில்லை. அப்பாவை நேராகப் பார்த்து, “நீங்க சொன்னதெல்லாம் பொய்யாப்பா?” என்று கேட்டாள்.

படம் நாசமாய்ப் போகட்டும் என்றிருந்தது கருணாகரனுக்கு. பிள்ளை இனி அந்தத் தொகுதிகளைத் தொடுவாளா?

நாளைக்கே பத்திரிகை ஆபீசுக்கு எழுதுவதாக, ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் சபதம் செய்தார். அந்த வாரத்து இதழை எப்பாடு பட்டாவது வரவழைத்துக் காட்டுவாராம். அப்போது தெரியும், யார் பொய் என்று.

சந்திரா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“எழுதாதீங்க. அந்த வாரம் அடைமழைங்க. அடுப்புக்கு வச்சிருந்த லெகோ கரி நமுத்துப்போய்ப் பத்தவே இல்ல. கனகம் கைக்குழந்தை, பாலுக்குக் கத்திக்கிட்டுக் கெடந்தா. அந்தப் புஸ்தகத்தைக் கிழிச்சுத்தான் அடுப்பு மூட்டினேன். நான் அதைப் படிக்கவே இல்லைங்க.”

ஷிப்ட் ஷிப்டாக அவரே வெட்டி அனுப்புகிற கரிதான், அவரையே கேட்காமல் ஒரு அத்தியாயத்தைத் தின்றிருந்தது.

கருணாகரனுக்குத் தங்கக் காப்பு ஞாபகத்துக்கு வந்தது. அவள் கையைப் பார்த்தார். இரண்டு ரப்பர் வளையல்கள் கிடந்தன.

வீடு வரைக்கும் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். கஸ்தூரியம்மாள் வாசலைத் தாண்டும்போது எப்போதும் நிமிர்ந்து போகிறவர், இன்று தலையைக் குனிந்துகொண்டார்.

சந்திரா பூட்டைத் திறந்தாள். பையை மூலையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எந்த ஷிப்ட் முடித்து அவர் வந்தாலும் கேட்கிறதையே இப்போதும் கேட்டாள்.

“சாப்பிடறீங்களா?”

பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தன, பூதத்துக்கு அழுகை வருகிறதா என்று.