விறாந்தை வலை

விதுர்ஷா விறாந்தை வலையை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

மட்டக்களப்பிலிருந்து வலை பார்க்க வரும் பிள்ளை. மலேரியா திரும்பி வந்துவிடக் கூடாதாம். அதற்காகப் புது மருந்து ஏற்றிய நுளம்பு வலைகளை எங்கள் பழுகாமத்தில் வீடு வீடாகக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். படுக்கைக்கு ஒரு வலை. ஓட்டை விழுந்தால் அதை எடுத்துக்கொண்டு புதுசு தருவார்கள்.

அந்தப் புதுசுதான் எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் இரண்டு வலை. அறைக்குள் இருப்பது எனக்கு. வெளி விறாந்தையில் கட்டியது என் மனுசனுக்கு.

அவரை விறாந்தைக்கு அனுப்பியது என் வாய். மீன் ஆணத்தில் புளி கூடிப்போச்சு என்றார். பேச்சு வளர்ந்து, "இது என்ட சீதன வீடு" என்று சொல்லித் தொலைத்தேன். பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மனுசன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கலாம்தான். நானா? நல்லாக் கேட்பேன்!

நுளம்பு பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் வாவி. அந்த நுளம்பு கடித்தால் எருமையே எழும்பி ஓடும். ஆனால் இந்தப் பாழாய்ப்போன வலைக்குள் ஒன்றாவது போக வேண்டுமே! அவர் சுகமாகக் குறட்டை விட்டார். எனக்குத்தான் நித்திரை இல்லை. அவர் இல்லாமல் அறை வெறிச்சென்று கிடந்தது.

அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து, வலையின் கால்மாட்டில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினேன்.

அந்தக் கிழமையே தலையணையோடு அறை வாசலில் வந்து நின்றார். வெளியே ஒரே நுளம்பு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் தள்ளிப் படுத்தேன். அடுத்த நாள் நான் வளவுக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்!

இப்போது புது வலை வந்தால்? ரோசக்கார மனுசன். திரும்பவும் விறாந்தைதான்.

விதுர்ஷா கேட்க முந்தியே எலி வெட்டியிருக்கும் என்றேன். கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவரும், ஓம், எலிதான் என்றார். என்றைக்கும் இல்லாமல் எனக்காகப் பேசுகிறாரே என்று அதிசயமாக இருந்தது.

விதுர்ஷா சிரித்தாள்.

"எலி கடிச்சா நூல் பிசிறிக் கிடக்கும் அக்கா. கால்மாட்டு ஓட்டை கத்தரிக்கோல். தலைமாட்டில இரிக்கிற பெரிய ஓட்டை ரெண்டும் பிளேட் வெட்டு."

தலைமாட்டிலா?

நான் தலைமாட்டுப் பக்கமே போகவில்லையே.

திரும்பிப் பார்த்தேன். அவர் சவரம் செய்த தாடையைத் தடவிக்கொண்டு முகட்டை ஆராய்ந்தார்.

அடப் பாவி மனுசா!

விதுர்ஷா பைக்குள் கையை விட்டுப் புது வலையை எடுத்தாள். நான் வாயைத் திறக்க முந்தி அவர் எழும்பிவிட்டார்.

"வேணாம் புள்ள. எங்களுக்கு ஒரு வலை போதும்."