ஜீப்புக்குப் பூவாக்கு

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்துவிட்டார் செங்கோடன்.

அம்மனுக்கு முன்னாலேயே இந்தக் காரியம்.

வழக்கம் என்னவோ சுலபம். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணம், கிணறு, காடு வாங்குவது எல்லாம் இப்படித்தான் இந்தப் பக்கம் முடிவாகும். ஜீப்பை மாற்றலாமா என்று பூவாக்குக் கேட்டவர்கள் அநேகமாக இவர்கள்தான் முதல்.

"ஏனுங்க, எத்தனை நாளைக்குத்தான் சண்டை கட்டறது? அம்மன் சொல்லட்டுங்க" என்று இழுத்து வந்தவள் அவர் மனைவி தெய்வாத்தாள். முந்தானையில் முடிந்த உண்டியல் காசோடு அவள் இப்போது கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சண்டை இதுதான். வெளியே நிற்கிற கிழட்டு ஜீப்பைத் தள்ளிவிட்டு, கோயமுத்தூரில் பார்த்து வைத்திருக்கிற கிளட்ச் இல்லாத சின்ன கார் ஒன்றை எடுக்கலாம் என்கிறார் அவர். புது ஜீப்பு வாங்குகிற விலையில் பாதிகூட இல்லை.

கூடவே கூடாது என்கிறாள் அவள். ஓடைப் பள்ளத்தைத் தாண்டித்தான் தென்னந்தோப்பு. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் வந்தாலும் ஜீப்பு ஏறிப் போய்விடும். அந்தச் சின்ன கார் தண்ணீரைப் பார்த்தாலே படுத்துக்கொள்ளும். அப்புறம் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவள் கையால் ஊன்றிய மரங்கள் அத்தனையும்.

செங்கோடனும் காரணத்துக்குப் பஞ்சம் வைக்கவில்லை. பேட்டரி போச்சு என்றார். நிறுத்தி வைத்த இடத்திலேயே டீசல் ஒழுகுகிறது என்றார். டேங்குக்குக் கீழே படுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை, ஆனாலும் டீசல் குறைகிறது.

சீட்டு உட்காரும்படியாக இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார். மறுநாளே டிரைவர் சீட்டில் ஒரு தடித்த தலையணையைப் போட்டுவிட்டாள் மகராசி. அதில் உட்கார்ந்தால் அவர் தலை கூரையில் இடிக்கிறது. எடுத்துப் பின்னால் எறிந்தால், அது எப்படியோ திரும்பவும் முன்னால் வந்து கிடக்கிறது. இன்றும் எறிந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

உண்மைக் காரணத்துக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இடது முழங்கால். கிளட்சை ஒரு மிதி மிதித்தால் உயிர் போய் உயிர் வருகிறது. ஸ்டீயரிங்கை ஒரு ஈ காக்காய் தொட விடாத மனுசன், கால் போச்சு என்று எந்த வாயால் சொல்வது? நினைத்தாலே கூசியது.

அதனால்தான் இந்தத் திருட்டு வேலை. கோயில் வாசலிலேயே நந்தியாவட்டை பூத்துக் கிடந்தது வசதியாகப் போயிற்று. பூசாரி கொடுத்த செவ்வரளியை வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். தெய்வாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். விளக்குப் பக்கம் திரும்பிப் பிரித்தாள்.

செங்கோடன் அதற்குள் மனதில் புது காருக்குச் சந்தனம் குங்குமமே வைத்துவிட்டார்.

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் செவ்வரளி.

அடி ஆத்தா!

மடியைத் தொட்டுப் பார்த்தார். அவர் ஒளித்த அரளி அங்கேயேதான் இருந்தது. அப்படியானால் இது? உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏமாற்றப் பார்த்தவனை அம்மன் சும்மா விடுவாளா?

தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுவது விழுந்துவிட்டார், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது.

"அம்மணி, சாமி குத்தமாப் போச்சு! ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன். முட்டி போயிருச்சு, கிளட்ச் மிதிக்க முடியல. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிச் செஞ்சுபோட்டேன்."

தெய்வாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு இன்னும் பாவமாகிவிட்டது.

அவள் திட்டவில்லை. கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தி, வேட்டி மண்ணைத் தட்டிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து அவரை ஜீப்பின் இடது பக்கம் ஏற்றினாள். சுற்றிப் போய், பின்னால் கிடந்த தலையணையை டிரைவர் சீட்டில் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். உயரம் அளவெடுத்த மாதிரி இருந்தது.

கியர் ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது. அவர் போட்டால் இவ்வளவு பதமாக விழாது.

"டீசல் ஒழுகலீங்க. நீங்க சந்தைக்குப் பஸ்ஸுல போக ஆரம்பிச்சப்பவே முட்டி போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பப் புடிச்சுத் தோப்புக்குள்ள ஓட்டிப் பழகறேனுங்க."

ஜீப்பு பள்ளத்தில் இறங்கி, தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியடித்து, அக்கரையில் ஏறியது. ஸ்டீயரிங் கைமாறிவிட்டதே என்று வருத்தம் வரும் என்று பார்த்தார் செங்கோடன், வரவில்லை. கண்தான் கலங்கியது. ஆனாலும் அம்மன் பயம் மட்டும் விடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

கொண்டையில் ஒரு வெள்ளை நந்தியாவட்டை. கோயிலுக்கு வரும்போது அவள் தலையில் பூவே கிடையாது.

பார்வை கீழே இறங்கியது. உண்டியல் காசு முடிந்திருந்த முந்தானை அவிழ்ந்து காற்றில் ஆடியது. அதன் நுனியில் அரளி இதழ் ஒன்று சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

சாமி குத்தத்தில் பங்குக்கு ஆள் கிடைத்துவிட்ட தெம்பில், செங்கோடன் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.