டேங்க் அம்மன்

கல்யாணமான மறுநாள் விடிகாலையில், புகுந்த வீட்டுக்குப் போகும் வேனில், மூடுபனிக்குள் நின்ற குடிநீர்த் தொட்டியைக் கோயில் கோபுரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். இருபத்தாறு வருடங்களாக எங்கள் வீட்டில் அதற்கு டேங்க் அம்மன் என்று பெயர். எல்லா ஊர்களிலும் இருக்கிற, சுண்ணாம்பு உரிந்த தொட்டிதான். அதைக் கடக்கும்போதெல்லாம் என் கணவர் வண்டியின் வேகத்தைக் குறைப்பார். "உன் அம்மன் வந்தாச்சு, கும்பிட்டுக்கோ" என்பார். நானும் சிரிப்பேன். அது பழகிவிட்டது.

மகளுக்கு நிச்சயித்திருக்கும் பையனும் நேற்று வண்டியில் இருந்தான். கணவர் கதையைச் சொல்ல, மகள் அபிநயா கண்களை மூடிக் கைகூப்பி என்னைப் போலவே நடித்துக் காட்டினாள்.

அவன் சிரித்து முடித்து, "அப்படி என்ன அத்தை வேண்டிக்கிட்டீங்க?" என்றான். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"வேன் ரிப்பேராகி நின்னுடணும்னு. அப்படியே திரும்பி எங்க வீட்டுக்குப் போயிடணும்னு."

கணவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "டேங்க் அம்மனுக்கு அவ்வளவு சக்தி ஏதுடி!" அவனும் சேர்ந்து சிரித்தான். அபிநயா மட்டும் கண்களைத் திறந்து, கூப்பிய கைகளைப் பிரிக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.