மூன்றாவது வால்வு

பந்தயம் தொடங்க நேரம் நெருங்கிவிட்டது. கோவைத் தடத்தின் ஷெட்டில் நின்ற காரின் இன்ஜின் இன்னமும் அவ்வப்போது ஒரு துடிப்பை விழுங்கிக்கொண்டிருந்தது.

"மூணாவது வால்வுதான் அம்மணி. இன்னொருக்கா மாத்திப் போடு," என்றான் நவநீதன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

வெண்ணிலா அவன் மனைவி. அவன் காருக்கு மெக்கானிக்கும் அவள்தான். காலையிலிருந்து வால்வை மாற்றினாள், அதைத் திறந்து மூடும் மின்காந்தத்தை மாற்றினாள், கடைசியில் ஒயரைக்கூட மாற்றிவிட்டாள். பந்தயக்காரர்களுக்குக் கோளாறு எப்போதும் காரில்தான் இருக்கும். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே.

ஆனால் இந்த வருடத்துக் கார்களில் வால்வுகளுக்குத் தாளம் கொடுப்பது ஓட்டுகிறவரின் நாடி. ஸ்டியரிங்கில் கை பட்டதும் இன்ஜின் அந்த நாடியோடு சேர்ந்துகொள்ளும். காரும் ஆளும் ஒரே உடம்பு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் இறங்குங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

அவன் இறங்கினான். அவள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இன்ஜின் ஒரு கணம் தயங்கியது. பிறகு எந்தத் துடிப்பையும் விடாமல் ஓடத் தொடங்கியது.

நவநீதனின் முகம் தெளிந்தது. "பாத்தியா, சரியாயிருச்சு. எந்திரி, நேரமாச்சு," என்று ஹெல்மெட்டை எடுத்தான்.

வெண்ணிலா எழுந்திருக்கவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மறு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். இன்ஜினின் வேகம் ஏறிக்கொண்டே போனது.